அப்பாவின் கார் கடன்: முதலில் கணக்கு, அப்புறம் பணம்

வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: அப்பா ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் ஏழு வருடத் தவணையில் கார் வாங்கினார். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் வருமானம் குறைந்தது, தவணைகள் தவறின. ஃபைனான்ஸ் கம்பெனியே கூப்பிட்டு "புதுசா எழுதிக்கலாம் சார், மாசத் தவணை குறையும்" என்று இன்னொரு ஏழு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறது. இது பத்தாவது வருடம். இன்னும் பாதிக்கு மேல் பாக்கி என்கிறார்கள். காரை விற்றால் அதில் பாதிகூட வராது. அப்பா கடிதங்களைப் பிரிப்பதே இல்லை, பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார், அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். "காரைக் கம்பெனியிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம், ஒழியட்டும்" என்கிறான் தம்பி. என் சேமிப்பை எடுத்து மொத்தமாக அடைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கணவருக்கு அதில் விருப்பமில்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி சொல்வதையும் செய்யாதீர்கள், நீங்கள் நினைப்பதையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். கணக்கைப் பார்க்காமலே இரண்டு பேரும் முடிவுக்கு வந்துவிட்டீர்கள். பாதிக்கு மேல் பாக்கி என்பது கம்பெனி வாயால் சொன்ன எண். அது சரியாகவே இருக்கலாம், ஆனால் எப்படி வந்தது என்று தெரியாமல் உங்கள் சேமிப்பிலிருந்து ஒரு காசுகூட போகக் கூடாது. இந்த விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம்.

அந்த "புதுசா எழுதிக்கலாம்" என்பதில் என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்பா ஏமாளி என்று வீட்டில் யாராவது பேச ஆரம்பித்திருப்பீர்கள். நூறு ரூபாய்க் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீத வட்டி, குறையும் இருப்புக் கணக்கு (அதாவது மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி), ஏழு வருடம். முதல் தவணையில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகும். மூன்றரை வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருக்கும், அதாவது காலத்தில் சரிபாதி முடிந்தவருக்கும், சுமார் 60 ரூபாய் அசல் பாக்கி நிற்கும். இது மோசடி இல்லை, தவணைக் கணக்கு எங்கேயும் இப்படித்தான் ஓடும். உங்கள் அப்பா விஷயத்தில் அந்த மீதி அசலோடு, விட்டுப்போன தவணைகளின் வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து புதிய அசலாகி, மறுபடியும் முதல் மாதத்திலிருந்து, வட்டி அதிகம் அசல் குறைவு என்கிற கட்டத்தில் தொடங்கியிருக்கிறது. மாதத் தவணை குறைந்தது உண்மை. மொத்தமாகக் கட்ட வேண்டியது கூடியதும் உண்மை. இதில் இரண்டாவதைக் கூப்பிட்டவர் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொன்று, அது ஃபிளாட் வட்டியா என்று பாருங்கள். 10 சதவீதம் ஃபிளாட், ஐந்து வருடம் என்றால் கேட்கக் குறைவாகத்தான் இருக்கும். நூறுக்கு மொத்த வட்டி 50, மாதத் தவணை இரண்டரை ரூபாய். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் கடைசி வரை முழு நூறுக்கும் போடுகிறார்கள். உண்மையான விகிதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒப்பந்தத்தில் எந்த வட்டி என்று எழுதியிருக்கும், சின்ன எழுத்தில்.

சரி, அப்பாவிடம் எப்படிப் பேசுவது? "ஏன்பா எங்கிட்ட சொல்லல" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் கடிதத்தைப் பிரிக்காதது பொறுப்பில்லாததால் அல்ல, பிரித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நம்புவதால்தான். அதனால் அவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள். "கம்பெனி போட்டிருக்கும் கணக்கு சரியான்னு பார்க்கணும்பா, பேப்பர் எல்லாம் எடுங்க, ரெண்டு பேரும் உட்காருவோம்" என்று கேளுங்கள். தப்பு அவர் பக்கம் என்பதிலிருந்து கணக்கு சரியா என்பதற்குப் பேச்சு நகர்ந்தாலே பாதிப் பேர் பீரோவைத் திறந்துவிடுவார்கள். தம்பி அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது. கடிதங்களை நீங்களாகப் பிரிக்காதீர்கள், அவரே பிரிக்கட்டும், தேதி வாரியாக நீங்கள் அடுக்குங்கள்.

பிறகு அப்பா கையெழுத்தில் ஒரு கடிதம். "என் கடன் கணக்கு பற்றி என் மகளிடம் பேசச் சம்மதிக்கிறேன்" என்று கடன் எண்ணோடு இரண்டு வரி போதும். அது இல்லாமல் கம்பெனி உங்களிடம் பேச வேண்டியதில்லை, பேசவும் கூடாது. அதோடு எழுத்தில் கேட்க வேண்டியவை: இரண்டு ஒப்பந்தங்களின் நகல், முதல் நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்ட், இன்றைய தேதியில் கடனை முடித்துக்கொள்ள ஆகும் தொகை இனம் பிரித்து, இப்போது இந்தக் கடன் யார் கையில் இருக்கிறது என்பது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பழைய கடன்களை வேறு கம்பெனிக்கு விற்றுவிடுவது உண்டு, அப்படியிருந்தால் பேரம் பேச வேண்டிய ஆளே வேறு.

ஸ்டேட்மென்ட் வந்ததும் தவணை தவறிய முதல் மாதத்தைத் தேடுங்கள். அந்த இடத்தில்தான் கதை இருக்கும். தவணை பவுன்ஸ் ஆகியிருக்கும், அதாவது கணக்கில் பணமில்லாமல் திரும்பியிருக்கும், அடுத்த வரியில் பவுன்ஸ் கட்டணம், அதற்கடுத்து தாமதக் கட்டணம். (வங்கி தனியாக ஒன்று பிடித்திருக்கும், அது பாஸ்புக்கில் தெரியும், இதில் தெரியாது.) அடுத்த மாதம் அப்பா முழுத் தவணை கட்டியிருப்பார். ஆனால் அந்தப் பணத்தை முதலில் அந்த இரண்டு கட்டணங்களுக்கு எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தவணையில் வரவு வைத்திருந்தால், தவணையில் கொஞ்சம் குறையும், குறைந்ததால் மறுபடி ஒரு தாமதக் கட்டணம், அதற்கடுத்த மாதமும் இதே கதை. மனிதர் ஒரு மாதம்தான் தவறினார், கணக்கில் வருடம் முழுக்கத் தவறியவராகத் தெரிவார். இப்படி வரும் வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, தனியே கூட்டி வையுங்கள். பேரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தக் கூட்டுத்தொகைதான். இந்தியாவில் இதற்கு விதியே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு ஏற்றக் கூடாது, அந்த அபராதத்தின் மேல் வட்டியும் போடக் கூடாது. நடைமுறைக்கு வந்தது 2024இல், எனவே அதற்கு முந்தைய வரிகளுக்கு இதைக் காட்டி வாதாட முடியாது, பிந்தைய வரிகளுக்கு முடியும். காப்பீட்டு பிரீமியம் என்று ஏதாவது கடனோடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், யாரும் கேட்காத பாலிசிகள் அங்கே உட்கார்ந்திருக்கும்.

இப்போது தம்பி சொன்ன வழி. காரைக் கொண்டுபோய் விட்டால் கடன் ஒழிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படி இல்லை. கம்பெனி அதை ஏலம் விடும், ஏலத்தில் விலை மட்டமாகத்தான் போகும், ஏற்றிச்சென்ற செலவு, நிறுத்தி வைத்த செலவு, ஏலச் செலவு எல்லாம் கழித்து, மீதி பாக்கிக்கு அப்பாவுக்கே மறுபடி கடிதம் வரும். காரும் போய் கடனும் நிற்கும். விற்பதே முடிவு என்றால், கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, நீங்களே ஆள் பார்த்து விற்று, பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகும்படி செய்வது மேல். அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. அடமானத்தில் இருக்கும் வண்டி அது, கடன் பிரச்சினை போலீஸ் பிரச்சினையாகிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும், பல நாடுகளிலிருந்தும் படிக்கிறீர்கள் என்பதால். பிரிட்டனில் ஹயர் பர்ச்சேஸ் முறையில் (தவணை முடியும் வரை கார் கம்பெனிக்கே சொந்தம்) எடுத்த கார் என்றால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியவர் காரைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். கார் நியாயமான நிலையில் இருக்க வேண்டும், அதுவரையுள்ள தவணைப் பாக்கியையும் கட்டியாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காரை எடுத்துப்போகவும் முடியாது. அங்கே தம்பியின் யோசனை நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். ஆனால் கம்பெனியே வந்து ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு முன்னால் நீங்கள் முந்த வேண்டும்.

உங்கள் சேமிப்புக்கு வருகிறேன். கணக்கைப் பார்த்த பிறகும் கொடுக்கத் தோன்றினால், திரும்பி வராது என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவு மட்டும். அதையும் அப்பா கையில் கொடுத்து மாதாமாதம் கட்டச் சொல்லாதீர்கள், அது கட்டணங்களுக்குள் கரைந்துவிடும். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, இதோடு முடித்துக்கொள்கிறீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வட்டமிட்ட வரிகளை அதோடு இணையுங்கள். பழைய கடன், தேய்ந்த கார், ஓய்வுபெற்ற கடன்காரர். மூன்றும் சேரும்போது அவர்களுக்கும் மொத்தமாகக் கொஞ்சம் வருவது லாபம்தான், முதலில் மறுத்தாலும். ஆனால் "மீதி எதுவும் கிடையாது, கடன் முடிந்தது" என்று அவர்கள் எழுதித் தந்த பிறகே பணம் போக வேண்டும், போனில் சொன்னதை நம்பி அனுப்பக் கூடாது. குறைத்துக் கட்டினால் கடன் அறிக்கையில் (யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்கிற பதிவு) "செட்டில்டு" என்று வரும், முழுதாகக் கட்டினால் "குளோஸ்டு". இனி கடன் வாங்கும் உத்தேசமே இல்லாத உங்கள் அப்பாவுக்கு அது பெரிய விஷயமில்லை. அந்த ஒரு வார்த்தையைக் காட்டி முழுத்தொகையையும் வாங்கப் பார்ப்பார்கள், மசியாதீர்கள்.

மொத்தமாகக் கொடுக்க வழியில்லை என்றால், அப்பா அம்மாவின் மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுச் செலவு, மருந்து, கரண்ட் பில் போக மீதி எதுவோ அதுதான் அவர்களால் கட்டக்கூடிய தவணை. அதைச் சொல்லி, கட்டணங்களை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். கார் கடனைக் கட்ட மருந்தில் கை வைக்கும் பெற்றோரை நான் நிறையவே கேள்விப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் கையெழுத்து. "உங்க பேர்ல மாத்திடலாம் மேடம், வட்டி குறையும்" என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். வேண்டாம். ஜாமீனும் வேண்டாம், இணைக் கடன்காரரும் வேண்டாம், "சாட்சிக்குத்தான்" என்று நீட்டும் தாளும் வேண்டாம். பணம் கொடுத்தால் போவது அந்தப் பணம் மட்டும்தான். கையெழுத்து அப்படி இல்லை.

கேள்வி: அப்பா கார் தவணை கட்டாததற்கு வசூல் ஏஜென்ட் என் ஆபீசுக்குப் போன் செய்கிறார். வரவேற்பில் இருப்பவரிடமே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நான் ஜாமீன் போடவில்லை. நான் கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மகன் என்பதற்காகவே அப்பா கடன் மகன் தலையில் வராது. ஆனால் ஜாமீன் போடவில்லை என்பதை ஒப்பந்த நகலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லூரி முடித்த புதிதில் அப்பா நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு, போட்டது ஞாபகமே இருக்காது.

ஆபீசில் சொன்னது தவறு. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் அறிவுறுத்தல்படி காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, கடன்காரரின் குடும்பத்தார், நண்பர்களைத் தொந்தரவு செய்வதோ பலர் முன்னால் அவமானப்படுத்துவதோ கூடாது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வசூல் ஏஜென்சிகளுக்கு இதையே இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறது, கடன் இருக்கிறது என்பதையே மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது. அழைப்பு வந்த எண், நேரம், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தியாவில் 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை.

ஏஜென்ட்டின் வாயை மூட "கொஞ்சம் கட்டிவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாரை நச்சினால் பணம் வரும் என்று அவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் ஏறிவிடும்.

கேள்வி: அம்மா பெயரில் பழைய கார் கடன். பல வருடங்களாக யாரும் கேட்கவே இல்லை. இப்போது ஏதோ புதிய கம்பெனி "ஒரு சிறு தொகை கட்டி நல்லெண்ணம் காட்டுங்கள்" என்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள், கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்று கண்டுபிடிக்கும் வரை. வழக்குப் போடக் காலவரம்பு இருக்கிறது. இந்தியாவில் பொதுவாக 3 வருடம், இங்கிலாந்தில் 6, ஸ்காட்லாந்தில் 5. வரம்பு முடிவதற்குள் ஒரு சிறு தொகை கட்டினாலோ, "ஆமாம், பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். வரம்பு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதிக்கொடுத்தால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். நல்லெண்ணத்தை ஏன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். ஏற்கெனவே நீதிமன்றத் தீர்ப்பு வாங்கியிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது, அதை மட்டும் ஒரு வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் என் பெற்றோர் 2016இல் ஃபைனான்ஸில் கார் எடுத்தார்கள், இன்னும் அதன் பாக்கிக்காக அலைகிறார்கள். டீலர் வாங்கிய கமிஷனுக்காகப் பணம் திரும்பக் கிடைக்கும், வாங்கித் தருகிறோம், அதில் 30 சதவீதம் தங்களுக்கு என்கிறது ஒரு நிறுவனம். உண்மையா?

பதில்: விஷயம் உண்மை, 30 சதவீதம் வீண். டீலர் வட்டியை ஏற்றிவைத்தால் தனக்குக் கமிஷன் கூடும் என்கிற ஏற்பாடு அங்கே பரவலாக இருந்தது, அதை நிதி ஒழுங்காற்று அமைப்பான எஃப்.சி.ஏ. 2021 ஜனவரியில் தடை செய்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. எல்லோருக்கும் கிடைக்காது, ஆனால் கமிஷன் அநியாய அளவில் இருந்த ஒருவருக்குச் சாதகமாக வந்தது. எனவே கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு உங்கள் பெற்றோரே நேரடியாகப் புகார் எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பணம் வரும் என்று நம்பி இப்போதைய தவணையை நிறுத்திவிட வேண்டாம், இரண்டும் வேறு வேறு கணக்கு.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். கார் கடன் நிற்கிறது. "மகன் பெயரில் டிரான்ஸ்பர் ஃபாரம்" என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பதில்: கையெழுத்திடாதீர்கள். அப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அவர் கடனைக் கேட்க முடியும், உங்கள் சம்பளத்திலிருந்து அல்ல. அந்த ஃபாரம் அதை மாற்றிவிடும். கடனோடு ஆயுள் காப்பீடு ஏதாவது சேர்த்திருந்ததா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள், இருந்தால் பாக்கியை அதுவே அடைக்க வேண்டும், கம்பெனி தானாகச் சொல்லாது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டிருந்தால் நிறுத்துவதற்கு முன் கார் வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: பெற்றோரின் கார் கடன் போன வருடமே முடிந்தது. ஆர்.சி.யில் இன்னும் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறது. விற்க முடியவில்லை.

பதில்: கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று), இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35உம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் கொடுத்தால் பெயர் நீங்கும். ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் உத்தரவுப்படி கடன் முடிந்து 30 நாளுக்குள் அவர்களே பத்திரங்களைத் தந்து பதிவையும் நீக்க வேண்டும், அவர்களால் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அந்த உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் விடுவிக்க வேண்டியவற்றுக்குப் பொருந்தும், எனவே உங்கள் பெற்றோரின் கடன் முடிந்த தேதியைப் போட்டு, உத்தரவைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.